வராத மாணவரை எப்படிக் கணக்கில் எடுப்பது?

கேள்வி:

வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவைப் பிரிவுக்கு நான் பொறுப்பேற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. விடுதி, கவுன்சலிங், வேலைவாய்ப்பு வழிகாட்டல், கல்வி உதவித்தொகை, பாடத்தில் சிரமப்படுகிறவர்களுக்கான துணை வகுப்பு எல்லாம் எங்களிடம்தான். 14 பேர் இருக்கிறோம். பாதிப்பேர் சமூகப்பணியும் உளவியலும் படித்தவர்கள், மற்றவர்கள் அலுவலகப் பணியிலிருந்து வந்தவர்கள். "உங்கள் சேவையால் மாணவர்களுக்கு என்ன பயன், ஆதாரத்தோடு காட்டுங்கள்" என்று நிர்வாகம் கேட்கிறது. எங்கள் கையில் இருப்பதோ எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும். அதனால் எல்லோருக்கும் 2 நாள் டேட்டா பட்டறை ஏற்பாடு செய்தேன். பயிற்சியாளர் ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கணக்கை வைத்து நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் அதற்குப் பிறகு எங்கள் வேலையில் எதுவும் மாறவில்லை. மாணவர்களுக்குக் கருத்து சர்வே அனுப்பினால் 100-க்கு 9 பேர்தான் பதில் போடுகிறார்கள். நாங்கள் எதிலிருந்து தொடங்குவது? யாரையாவது சான்றிதழ் படிப்புக்கு அனுப்பட்டுமா? எங்கள் மூத்த கவுன்சலர், "பிள்ளைகளை நம்பராக்கிவிடாதீர்கள்" என்கிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?

பதில்:

வணக்கம். பட்டறை பலன் தராமல் போனதற்கு உங்கள் ஊழியர்கள் காரணமில்லை. விற்பனைக் கணக்கை வைத்து வரிசைப்படுத்தவும் வரைபடம் போடவும் கற்றவர், மறுநாள் தன் மேசைக்கு வந்ததும் அதை எதில் போட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார். கருவி கைக்கு வந்துவிட்டது, கேள்வி வரவில்லை. அப்படிக் கற்றது சீக்கிரம் மறந்தும் போகும்.

பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-ல் நான்கு படிகளைச் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, எதையாவது கற்றுக்கொண்டார்களா, வேலைக்குத் திரும்பியதும் செய்யும் விதம் மாறியதா, அதனால் ஏதாவது விளைவு உண்டா. பெரும்பாலான பட்டறைகளில் கடைசி நாள் மாலை ஒரு படிவத்தை நீட்டி, பிடித்ததா என்று கேட்பதோடு விட்டுவிடுவார்கள். நீங்கள் எதிர்பார்த்தது மூன்றாம் படி. இதே நான்கு படிகளை உங்கள் சேவைகளுக்கும் வைத்துப் பாருங்கள். வந்தவர்களை எண்ணுவது முதல் படிக்கும் கீழே இருக்கிறது. திருப்தியா என்று கேட்பது முதல் படி. நிர்வாகம் கேட்கும் 'பயன்' இரண்டாம் படியில்தான் ஆரம்பிக்கிறது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? ஒரு முடிவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பிரிவும் இந்தப் பருவத்தில் தான் எடுக்க வேண்டிய ஒரு முடிவைச் சொல்லட்டும். அப்புறம், "இந்தப் பதில் இப்படி வந்தால் எதை மாற்றுவோம், வேறு மாதிரி வந்தால் எதை மாற்றுவோம்?" என்று கேளுங்கள். எப்படி வந்தாலும் எதுவும் மாறாது என்றால் அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிடலாம். டேட்டா சேகரிப்பதில் ஊழியர்களுக்கு வரும் சலிப்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. வருடக்கணக்காகப் படிவம் நிரப்பியிருப்பார்கள், அதனால் ஒரு நாற்காலிகூட இடம் மாறியிருக்காது.

உதவித்தொகைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். இத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், இத்தனை பேருக்குக் கிடைத்தது என்று வருடக் கடைசியில் எழுதுவீர்கள். விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்? எந்தப் பக்கத்தில் நின்றார்கள்? இணையவழி விண்ணப்பம் என்றால் இது பெரும்பாலும் அந்த மென்பொருளிலேயே பதிவாகியிருக்கும். யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நிறையப் பேர் வருமானச் சான்று கேட்கும் பக்கத்தில் நின்றிருந்தால், அந்தச் சான்றை எப்படி வாங்குவது என்று ஒரு மாதம் முன்பே சொல்லிக்கொடுக்கலாம். கடைசி நாள் இரவில் நின்றிருந்தால் உதவி மேசையின் நேரத்தை மாற்றலாம். இதற்கு சர்வே வேண்டாம், புள்ளியியல் பட்டமும் வேண்டாம். தகுதி இருந்தும் பட்டியலுக்குள் வராமலே போன பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட ஒருவர் இருந்தால் போதும்.

உங்கள் ஆட்களுக்கு முதலில் பழக்க வேண்டியது இதைத்தான். எந்த எண் கண்ணில் பட்டாலும் 'இதில் யார் இல்லை?' என்று கேட்கும் பழக்கம். மாணவர் சேவைப் பிரிவின் பதிவேடுகள் எல்லாமே வந்தவர்களின் பதிவேடுகள். கதவைத் தட்டத் தயங்கியவர், தகவல் தெரியாதவர், வேலைக்குப் போவதால் உங்கள் நேரத்துக்கு வர முடியாதவர், ஒருமுறை வந்து மனம் நொந்து திரும்பியவர் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். அதனால் வகுப்பறைப் பயிற்சியில் முதல் பாடமாக வகுக்கும் எண்ணைக் கற்றுக்கொடுங்கள். "கவுன்சலிங்குக்கு 240 பேர் வந்தார்கள்" என்பது செய்தி. எத்தனை மாணவர்களில் 240? அதில் முதலாமாண்டு எத்தனை, விடுதியில் இல்லாதவர்கள் எத்தனை? மொத்த மாணவர்களில் அவர்கள் என்ன பங்கு, உங்களிடம் வந்தவர்களில் என்ன பங்கு? இந்த இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே எந்தக் கூட்டம் உங்களிடம் வருவதில்லை என்று தெரிந்துவிடும். எக்செல்லில் ஒரு பிவட் டேபிள், அதாவது வகைவாரியாக எண்ணித் தொகுத்துக் காட்டும் அட்டவணை, போடத் தெரிந்தால் போதும். இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தால் எண்களைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூட ஒரு மதியத்தில் அதைக் கற்றுக்கொள்வார்கள்.

இனி சர்வே. 9 சதவீதம் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கை குறைவு என்பதைவிட, பதில் போட்ட அந்த 9 பேர் யார் என்று தெரியாததுதான் பெரிய சிக்கல். 1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை அதிபர் தேர்தலுக்கு முன் ஏறக்குறைய 1 கோடி பேருக்கு அஞ்சல் அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை வைத்து எதிர்க்கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று அச்சிட்டார்கள். தேர்தலில் அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். பத்திரிகை முகவரிகளை எடுத்ததில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலும் கார் பதிவுப் பட்டியலும்தான். பொருளாதார மந்தக் காலத்தில் அவை யாரிடம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, அட்டை கிடைத்தவர்களிலும் ஆட்சிமேல் கோபமாக இருந்தவர்களே அதிகமாகத் திருப்பி அனுப்பினார்கள் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார்.

அதனால் எல்லோருக்கும் அனுப்புவதை நிறுத்துங்கள். மாணவர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 300 பேரைத் தேர்ந்தெடுங்கள். அந்த 300 பேரிடம் பதில் வாங்கத்தான் உங்கள் உழைப்பு முழுவதும் போக வேண்டும். நேரில் கேளுங்கள், தொலைபேசியில் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்த விடுதிக் காப்பாளர் மூலமாக நினைவுபடுத்துங்கள். 6,000 பேருக்கு அனுப்பி 540 பதில் வாங்குவதைவிட, 300 பேரில் 200 பேர் பதில் சொன்னால் அதை நான் அதிகம் நம்புவேன். குலுக்கலில் எடுத்த 400 பேரும் பதில் சொன்னால், கிடைக்கும் சதவீதத்தில் ஏறக்குறைய 5 புள்ளி மேலே கீழே இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. தானாக வந்து பதில் போட்ட 4,000 பேருக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் உங்கள் ஊழியர்கள் சர்வேயைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஏற்கெனவே கையில் இருக்கும் 9 சதவீதத்தைத் தூக்கிப்போட வேண்டாம். பதில் போட்டவர்களில் எந்தத் துறை, எந்த ஆண்டு, ஆண் பெண் பங்கு என்ன என்று எடுத்து, மொத்த மாணவர்களோடு ஒப்பிடுங்கள். எங்கே பள்ளம் என்று தெரியும். அவர்கள் எழுதிய கருத்துகளை யோசனைகளாகப் படியுங்கள். "எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேர் திருப்தி" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி எழுதுவதும் ஒரு திறமை. பயிற்சியில் அதற்கு நல்ல நேரம் ஒதுக்குங்கள். "எங்கள் ஊழியர்கள் விரைவாகவும் கனிவாகவும் உதவினார்களா?" என்று கேட்டால், கனிவாக இருந்து தாமதம் செய்தவரைப் பற்றி மாணவர் என்ன சொல்வார்? இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள். "எங்கள் சிறப்பான துணை வகுப்பு உங்களுக்கு எவ்வளவு உதவியது?" என்பதில் பதிலையும் நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள். சர்வேயை அனுப்புவதற்கு முன் ஐந்து மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, தங்களுக்கு என்ன புரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த அர்த்தமும் அவர்கள் எடுத்துக்கொண்ட அர்த்தமும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்று உங்கள் ஊழியர்கள் நேரில் கேட்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பல பக்கப் பாடக் குறிப்புக்குச் சமம்.

அப்புறம், கற்றுக்கொண்டார்களா என்ற இரண்டாம் படி. இதற்கு நீங்கள் நடத்தும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு எதிர்பார்ப்பை எழுதி வைக்க வேண்டும். "மாணவர்கள் நேர நிர்வாகத்தின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதினால் அதை யாராலும் பார்க்க முடியாது. "நிகழ்ச்சி முடியும்போது அடுத்த 2 வாரத்துக்கான படிப்பு அட்டவணையைத் தாங்களே போட்டுக் காட்டுவார்கள்" என்று எழுதினால் அந்தத் தாளே ஆதாரம். வேலைவாய்ப்புப் பிரிவில் தன்விவரக் குறிப்பு எழுதச் சொல்லித்தருகிறீர்கள் என்றால், வருவதற்கு முன் எழுதியதையும் பின் எழுதியதையும் வாங்கி வையுங்கள். எது நன்றாக இருக்கிறது என்பதற்கு நான்கைந்து வரியில் ஓர் அளவுகோல் எழுதுங்கள். பத்துப் பிரதிகளை எடுத்து, இரண்டு ஊழியர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். எங்கே வேறுபட்டார்கள் என்று உட்கார்ந்து பேசட்டும். நல்ல குறிப்பு என்றால் என்ன என்று அந்தப் பேச்சில்தான் அவர்களுக்கே தெளியும். மறுவாரம் சொல்லிக்கொடுக்கும் விதமும் மாறும். கிர்க்பாட்ரிக்கின் மூன்றாம் படி உங்கள் ஊழியர்களிடம் அப்போதுதான் தொடங்கும்.

நான் மிகவும் கவலைப்படுவது அடுத்த விஷயத்தைப் பற்றி. நிர்வாகம் ஆதாரம் கேட்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. துணை வகுப்புக்கு வந்தவர்களில் 82 சதவீதம் பேர் தேர்ச்சி, வராதவர்களில் 70 சதவீதம் பேர் தேர்ச்சி. உடனே, "எங்கள் வகுப்பால் தேர்ச்சி 12 புள்ளி கூடியது" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். மாலையில் களைப்பையும் மீறி வகுப்புக்கு வந்து உட்காருகிற மாணவர், வகுப்பு இல்லாவிட்டாலும் எப்படியாவது படித்திருப்பவராக இருக்கலாம். அந்த 12-ல் உங்கள் பங்கு எவ்வளவு, அவருடைய பங்கு எவ்வளவு என்று இந்த இரண்டு எண்களால் சொல்ல முடியாது.

இதற்கு நேரெதிராகவும் நடக்கும். கவுன்சலிங்குக்கு வந்தவர்களின் மதிப்பெண் வராதவர்களைவிடக் குறைவாக இருக்கும். கவுன்சலிங் கெடுத்துவிட்டது என்று அர்த்தமா? கஷ்டத்தில் இருந்தவர்கள்தானே வந்தார்கள். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒரு தேர்வில் மிக மோசமாகச் செய்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து உதவி செய்தால், அடுத்த தேர்வில் அவர்களுடைய சராசரி ஓரளவு தானாகவே ஏறும். அன்றைக்குக் காய்ச்சலாக இருந்தவர், வீட்டில் துக்கம் நடந்தவர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள், அடுத்த முறை அவர்கள் தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886-ல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து எழுதிக்காட்டிய விஷயம்தான் இது. சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். இது தெரியாமல் எழுதிய எத்தனையோ அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, தாங்கள் அக்கறையோடு செய்த வேலைக்குப் பலன் கிடைத்தது என்று உண்மையாகவே நம்பினார்கள்.

என்ன செய்யலாம்? முதலில், தொடக்க நிலை ஒன்றாக இருப்பவர்களை ஒப்பிடுங்கள். சேரும்போது 50-லிருந்து 60 மதிப்பெண் இருந்தவர்களில் வகுப்புக்கு வந்தவர்களும் வராதவர்களும் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். உயர்கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் இதைத்தான் வலியுறுத்தினார். மாணவர் எதோடு வந்தார், இங்கே என்ன அனுபவித்தார், எதோடு வெளியேறினார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் பலனைப் பேசக் கூடாது என்பார். அடுத்தது, வகுப்பில் சேரப் பெயர் கொடுத்து இடமில்லாமல் காத்திருப்புப் பட்டியலில் நின்றவர்கள் இருக்கிறார்களா என்று தேடுங்கள். அவர்களுக்கும் வர வேண்டும் என்ற ஆர்வம் இருந்தது, இடம்தான் கிடைக்கவில்லை. முன்னால் வந்தவர்களுக்கே இடம் என்றால் அதிலும் கொஞ்சம் சாய்வு இருக்கும், ஆனாலும் பெயரே கொடுக்காதவர்களோடு ஒப்பிடுவதைவிட எவ்வளவோ நேர்மை. அதுவும் இல்லையா, "வந்தவர்களின் தேர்ச்சி அதிகமாக இருந்தது, வகுப்புதான் காரணம் என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது" என்று எழுதிவிடுங்கள். அந்த வரியை எழுதும் பிரிவைத்தான் விவரம் தெரிந்த நிர்வாகி நம்புவார்.

மொத்தமாகப் பார்ப்பதோடு நிற்காமல் பிரித்தும் பார்க்கப் பழக்குங்கள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1973-ல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு. பாகுபாடு போலத் தெரிந்தது. துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்து 1975-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலான துறைகளில் அப்படி வித்தியாசம் இல்லை. இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். அப்படியானால் சரிசெய்ய வேண்டிய இடம் சேர்க்கைக் குழுவா, அல்லது அதற்கும் வெகுமுன்னால் யார் எந்தப் படிப்பை நோக்கித் திருப்பப்படுகிறார்கள் என்பதா? பிரித்துப் பார்த்த பிறகுதான் இப்படிக் கேட்கவே முடிகிறது. உங்கள் விடுதிப் புகார்களையும் இப்படிக் கட்டடம் கட்டடமாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பிரிக்கப் பிரிக்க எண்ணிக்கை சிறுத்துக்கொண்டே போகும். 8 பேர் கொண்ட குழுவில் ஒரே ஒருவர் மாறினால் 12.5 புள்ளி ஏறி இறங்கும். சிறிய குழு என்றால் சதவீதத்தை விட்டுவிட்டு "8 பேரில் 5 பேர்" என்று எழுதுங்கள்.

உங்கள் மூத்த கவுன்சலர் சொல்வதைத் தயவுசெய்து எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் காக்க நினைப்பது சரியான விஷயம். பெயரை நீக்கிவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பு உண்டு என்று கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இது இன்னும் எளிது. ஒரு துறையின் மூன்றாமாண்டில் ஒரே ஒரு வெளிநாட்டு மாணவி இருந்தால், அந்த வரிசையில் நீங்கள் போடும் எண் அவரைப் பற்றியதுதான். ஆகவே கவுன்சலிங் பதிவுகளை மதிப்பெண் பட்டியலோடு பெயர் பெயராக இணைக்க வேண்டாம். மாணவர் விவரமறிந்து சம்மதித்தால், அதுவும் உங்கள் பல்கலைக்கழக விதி இடம் கொடுத்தால் மட்டும் யோசியுங்கள். குழுவில் 5 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டத்தை அறிக்கையில் காட்டாமல் விடுங்கள், 10 என்று வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. எந்த முடிவுக்கும் தேவைப்படாத தகவலைக் கேட்கவே கேட்காதீர்கள். இந்த விதிகளை எழுதும் பொறுப்பை அந்தக் கவுன்சலரிடமே கொடுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு சர்வேயும் அவர் கண்ணில் பட்டுப் போகட்டும்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அவர் முன்னால் வந்து உட்காரும் பிள்ளையை அவர் ஒருபோதும் நம்பராகப் பார்க்க மாட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வராத பிள்ளையை அவர் எப்படிப் பார்ப்பார்? விடுதி அறையிலேயே முடங்கியிருக்கும் ஒரு முதலாமாண்டு மாணவர், வருகைப்பதிவு குறைவதிலும் நூலக அட்டை பயன்படாமல் கிடப்பதிலும்தான் முதலில் தெரிவார். ஒரு துறையிலிருந்து மூன்று வருடமாக ஒருவர்கூடக் கவுன்சலிங்குக்கு வரவில்லை என்றால், அதைக் காட்ட அட்டவணையைத் தவிர வேறு வழி இல்லை. அங்கே போய் என்ன நடக்கிறது என்று விசாரிக்க அவரைப் போன்ற ஒருவர்தான் வேண்டும். மாணவர்கள் எழுதும் திறந்த பதில்களும், நேரில் சொல்லும் கதைகளும் தரவுதான். அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்துப் படிப்பதில் உளவியல் படித்தவர்கள் மற்ற எல்லோரையும்விடக் கைதேர்ந்தவர்கள்.

சான்றிதழ் படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அனுப்பலாம், ஆனால் ஒருவரையோ இருவரையோ மட்டும். வாரத்தில் சில மணி நேரமாவது இந்த வேலைக்கென்று ஒதுக்கிக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் அனுப்புங்கள். நேரம் தராமல் சான்றிதழ் மட்டும் வாங்கித் தந்தால் அது கோப்பில் தூங்கும். அமெரிக்காவின் மாணவர் சேவை மதிப்பீட்டாளர்கள் அமைப்பான சால், இலவசமாக ஓர் இணைய வகுப்பு நடத்திவருகிறது. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசிபிஏ, நாஸ்பா என்ற இரண்டு தொழில்முறை அமைப்புகள் சேர்ந்து 2010-ல் வெளியிட்டு 2015-ல் திருத்திய திறன் பட்டியலும் உதவும். மாணவர் சேவையில் இருப்பவருக்கு வேண்டிய 10 துறைகளில் மதிப்பீடும் ஆய்வும் ஒன்று என்று அதில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துறையையும் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று பிரித்திருக்கிறார்கள். 14 பேரும் அடிப்படை நிலைக்கு வந்தால் போதும். இடைநிலைக்கு இரண்டு பேர். அதற்கு மேல் வேண்டியதற்கு உங்கள் புள்ளியியல் துறை ஆசிரியர் ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், நல்ல கேள்வியோடு போனால் பெரும்பாலும் உதவுவார்கள். புதிய மென்பொருளும் டேஷ்போர்டும் இப்போது வேண்டாம்.

பயிற்சியை எப்படி நடத்துவது? மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் எல்லோரும் உட்காருங்கள். ஒரு பிரிவு தன்னுடைய சொந்தத் தரவைக் கொண்டுவரட்டும். பாதி நேரம் அதை எல்லோரும் சேர்ந்து படிக்கட்டும், மீதி நேரத்தில் அந்தத் தரவுக்கு அன்று தேவைப்படும் ஒரே ஒரு திறமையைச் சொல்லிக்கொடுங்கள். முதல் கூட்டத்தில் நீங்களே ஒன்றைக் கொண்டுபோங்கள், அதுவும் உங்கள் பொறுப்பில் இருக்கும் சேவை சரியாக நடக்கவில்லை என்று காட்டும் எண்ணாக இருக்கட்டும். தலைவர் தன் குறையை மேசையில் வைத்தால்தான் மற்றவர்கள் தங்களுடையதை எடுப்பார்கள். இந்த எண்களை வைத்து யாருடைய பதவி உயர்வையும் தீர்மானிக்க மாட்டேன் என்று முதல் நாளே வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள். எண்ணை இலக்காக்கினால் அந்த எண் நம்பிக்கையை இழந்துவிடும் என்ற பொருளில் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் எழுதினார். கவுன்சலிங் பிரிவுக்கு 'இந்த வருடம் 300 பேர்' என்று இலக்கு வைத்துப் பாருங்கள், ஒரே மாணவர் மூன்று தடவை வந்ததை மூன்று பேராக எழுதும் அழுத்தம் தானாக உருவாகும்.

இந்த வருட அறிக்கைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. எல்லாப் பிரிவுக்கும் ஆதாரம் காட்ட முயல வேண்டாம், இரண்டை மட்டும் எடுங்கள். நானாக இருந்தால் உதவித்தொகையையும் துணை வகுப்பையும் எடுப்பேன், இரண்டுக்கும் தரவு ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, எதைச் சொல்ல முடியவில்லை, அதனால் எதை மாற்றினோம், மாற்றியது பலித்ததா என்று எந்த மாதம் திரும்பப் பார்ப்போம். எத்தனை பேர் வந்தார்கள் என்ற பழைய எண்ணிக்கைகளைப் பின்னிணைப்பில் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பேரில் என்ற எண்ணையும் சேர்த்து. சமர்ப்பிக்கும் அதே வாரத்தில், உங்களிடம் பதில் சொன்ன மாணவர்களுக்கும் அரைப்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்: நீங்கள் இதைச் சொன்னீர்கள், நாங்கள் இதை மாற்றினோம், இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது. அடுத்த சர்வேக்குப் பதில் வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்த அரைப்பக்கத்தைப் பொறுத்தது.